வழக்கம்போலதான்

எனக்கு ஓரிடத்தில் உட்கார வராது. பிறந்தபோதே காலில் சக்கரத்தைக் கட்டிக்கொண்டு வந்தவள் என்று அம்மா சொல்வாள். அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த வேலை, எட்டு மணி நேரம் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து திரையைப் பார்ப்பது.

திரையில் ஓடுவது மின்சாரத்தின் விலை. ஒரே நகரம்தான், எரிவது ஒரே விளக்குதான், ஆனால் விலை ஒன்றில்லை. நகரத்தையும் அதைச் சுற்றியிருக்கும் இடங்களையும் முன்னூற்றுப் பன்னிரண்டு புள்ளிகளாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். கால் மணிக்கு ஒருமுறை ஒவ்வொரு புள்ளிக்கும் தனி விலை வரும். ஒரு புள்ளிக்குப் போகும் கம்பியில் இன்னும் இடம் இருந்தால் அங்கே மலிவு. கம்பி நிரம்பிவிட்டால் அந்தப் பக்கத்திலேயே கிடக்கும் பழைய டீசல் எஞ்சினைத் தட்டி எழுப்ப வேண்டும், அந்தப் புள்ளியில் மட்டும் விலை எகிறும். தெருவின் இந்தப் பக்கம் யூனிட் ஆறு ரூபாய், அந்தப் பக்கம் பதினாறு என்று இருந்த நாட்கள் உண்டு. எதிர்வீட்டுக்காரர்கள் அன்று முறைத்துக்கொள்வார்கள்.

கணினி கணக்குப் போட்டுப் பத்து நிமிடம் முன்னதாக எங்களுக்குக் காட்டும். அளவுமானி ஏதாவது கோளாறா, கணக்கில் பிசகா என்று மனிதக் கண் ஒருமுறை பார்த்துச் 'சரி' என்று ஒப்பமிட்ட பிறகுதான் விலை வெளியே போகும். அந்தப் பத்து நிமிடம், வரப்போகும் விலை எங்கள் அறையில் இருப்பவர்களுக்கு மட்டுமே தெரியும். அதனால்தான் கைபேசிகள் வாசலிலேயே பெட்டிக்குள் போய்விடும். உள்ளே இருப்பது ஒரே ஒரு தொலைபேசி. அதில் பேசுவதெல்லாம் பதிவாகும்.

வேலையில் சேர்ந்த முதல் நாளே ஒரு பாடம் எடுத்தார்கள். எடுத்தவர் எங்கள் ஷிஃப்ட் தலைவர். மணி பார்க்காமல் ஒரு வார்த்தை பேசமாட்டார் என்பதால் அவருக்குக் கடிகாரம் என்று பெயர்.

"வீட்டுல கேப்பாங்க. விலை ஏறுமா, இறங்குமா, வாஷிங் மெஷினை இப்பப் போடவா அப்புறம் போடவான்னு கேட்டுட்டே இருப்பாங்க. இன்னைக்கு 'ஏறாது'ன்னு சொல்லிட்டு நாளைக்கு 'அதெல்லாம் சொல்லக்கூடாது'ன்னா என்ன அர்த்தம்? ஏறப்போகுதுன்னு அர்த்தம். அதனால ஆளுக்கு ஒரு வாக்கியம் வெச்சுக்குங்க. ஏறினாலும் இறங்கினாலும், தெரிஞ்சாலும் தெரியாட்டியும், கேக்குறவங்களுக்கு அதையே சொல்லுங்க. மணி பத்தே கால். டீ குடிச்சிட்டு வாங்க."

அவருடைய வாக்கியம் 'ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம்'. மின்சார அலுவலகத்தில் இதைவிடப் பொருத்தமாக யாராலும் சொல்ல முடியாது. எனக்கு அவ்வளவு சாமர்த்தியம் இல்லை. 'வழக்கம்போலதான்' என்று ஒன்றை வைத்துக்கொண்டேன்.

என்னிடம் அதிகம் கேட்பவள் அக்கா. அவளும் மாமாவும் கோழிக்குஞ்சுப் பொரிப்பகம் நடத்துகிறார்கள். ஒரு பெரிய பண்ணையிலிருந்து முட்டை வரும், இருபத்தோரு நாள் இன்குபேட்டரில் இருக்கும், குஞ்சாகத் திரும்பிப் போகும். அக்கா என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். என்னைக் கரண்டு என்றுதான் கூப்பிடுவாள். இந்த வேலைக்கு வந்த பிறகு வைத்த பெயர் இல்லை. சின்ன வயதில் நான் ஓடி வந்து மோதினால் ஷாக் அடிப்பது போல் இருக்குமாம்.

பொரிப்பகத்தை எங்கே போடுவது என்று அவர்கள் தேடிக்கொண்டிருந்தபோது வரைபடத்தை விரித்து, "இருநூத்தி ஏழாம் புள்ளியில போடுங்க" என்று சொன்னவள் நான். அது ரகசியமில்லை. பழைய விலைகள் எல்லோரும் பார்க்கும்படி கிடக்கின்றன. நகரத்திலேயே மலிவான புள்ளி அது. அதோடு வாயை மூடியிருக்கலாம். "அங்க கரண்ட் போகவே போகாதுக்கா, ஜெனரேட்டர் எதுக்கு தண்டமா?" என்றேன். ஜெனரேட்டரை விற்று மூன்றாவது இன்குபேட்டர் வாங்கினார்கள். அதற்கும் மேலே ஒரு சலுகைத் திட்டத்தில் கையெழுத்துப் போட வைத்தேன். வருடம் முழுவதும் விலையில் தள்ளுபடி. பதிலுக்கு, அந்தப் புள்ளியில் விலை நாற்பதைத் தாண்டினால் பொரிப்பகத்தின் இணைப்பை மின்சாரக்காரர்கள் ஒரு மணி நேரம் துண்டித்துக்கொள்ளலாம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தத் துண்டிப்பிலிருந்து வருடத்துக்கு ஒரே ஒரு முறை விலக்கு உண்டு. அதையும் விலை வெளியாவதற்கு முன்னாலேயே கைபேசியில் அமுக்கிவிட வேண்டும். வெளியான பிறகு தலைகீழாக நின்றாலும் நடக்காது.

"நாப்பதா! அங்க ஏழைத் தாண்டினதே இல்ல. சும்மா வர்ற தள்ளுபடியை விடாதீங்க" என்று மாமாவின் கையில் பேனாவைத் திணித்ததும் நான்தான். ஆழம் தெரியாமல் காலை விடுவார்கள் என்பார்கள். நான் ஆழம் தெரிந்தவள் என்று சொல்லிக்கொண்டு அடுத்தவர் காலைப் பிடித்து உள்ளே விட்டவள்.

பழைய விலைகள் எல்லோரும் பார்க்கும்படி கிடக்கின்றன என்று சொன்னேன் இல்லையா? எல்லோரும் பார்த்தார்கள். ஒரு வருடத்தில் ஓர் ஐஸ் தொழிற்சாலை அங்கே வந்தது. பிறகு ஒரு குளிர்பதனக் கிடங்கு. பிறகு ஜன்னலே இல்லாத ஒரு கட்டடம், உள்ளே கணினிகள் மட்டும். மலிவு என்று எல்லோரும் ஓடி வந்ததில் மலிவு ஓடிப்போனது. ஆறு ஒன்பதானது, ஒன்பது பதினான்கானது. அந்தத் திட்டத்தை விட்டுவிடு, ஒரு ஜெனரேட்டர் வாங்கு என்று அக்காவிடம் அப்போதே சொல்லியிருக்கலாம். யாரும் தடுக்கவில்லை. வெட்கம்தான் தடுத்தது. வீட்டில் நான்தானே மின்சார மேதை.

அன்று வெயில் மண்டையைப் பிளந்தது. இருநூற்று ஏழுக்குப் போகும் இரண்டு கம்பிகளில் ஒன்றைப் பழுது பார்க்கக் காலையிலேயே நிறுத்திவிட்டார்கள். பகல் ஒரு மணிக்கு விலை பத்தொன்பது. ஒன்றரைக்கு இருபத்து நான்கு. இரண்டே காலுக்கு முப்பத்தொன்று. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நாற்காலியில் எத்தனை விதமாக உட்கார முடியுமோ அத்தனை விதமாகவும் உட்கார்ந்து பார்த்தேன். தண்ணீர் குடிக்க நான்கு முறை எழுந்தேன்.

"உங்க நாற்காலியில எறும்பு ஏதும் இருக்காம்மா?" என்றார் கடிகாரம்.

இரண்டு இருபதுக்கு அடுத்த விலை திரைக்கு வந்தது. புள்ளி இருநூற்று ஏழு: ஐம்பத்திரண்டு.

அக்காவின் இன்குபேட்டர்களில் பதினோராயிரம் முட்டைகள் இருந்தன. அன்று அவற்றுக்குப் பத்தொன்பதாம் நாள். கரண்ட் போனால் முட்டை குளிர்ந்து போகும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். பத்தொன்பதாம் நாள் ஓட்டுக்குள் இருப்பது குஞ்சு. அது மூச்சு விடும், சூட்டைக் கிளப்பும். விசிறி நின்றால் மூடிய பெட்டிக்குள் தன் சூட்டிலேயே வெந்து, காற்றில்லாமல் செத்துப்போகும். அதுவும் இந்த வெயிலில், தகரக் கொட்டகைக்குள், ஒரு மணி நேரம். போன அடையில் குஞ்சு குறைந்துவிட்டது என்று பெரிய பண்ணைக்காரர் முகம் சுளித்திருந்தார். இந்த அடையும் குறைந்தால் வேறு இடம் பார்த்துக்கொள்வேன் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அவரை விட்டால் அக்காவுக்கு வேறு ஆள் இல்லை. இந்த அடை போனால் பொரிப்பகத்தைப் பூட்ட வேண்டியதுதான்.

அக்கா இருக்கும் புள்ளி என்று அலுவலகத்தில் எழுதிக் கொடுத்திருந்ததால் இருநூற்று ஏழில் நான் கை வைக்கக் கூடாது. அதற்கு ஒப்பமிடுவது கடிகாரம்தான்.

"சார், இருநூத்தி ஏழு ஒரு தடவை பாருங்க. அளவுமானி தப்பா காட்டுதோ என்னவோ."

அவர் என்னைப் பார்த்தார். யாருடைய புள்ளி என்று அவருக்குத் தெரியும். மறுக்காமல் துணைமின்நிலையத்துக்குப் போன் போட்டார். அங்கிருந்தவர் அளவை வாசிக்க வாசிக்க, திரையோடு ஒப்பிட்டார். கம்பியின் கொள்ளளவைப் பார்த்தார். டீசல் எஞ்சின் ஓடுகிறதா என்று கேட்டார். தப்பாக இருக்கட்டும், ஏதாவது ஒரு இடத்தில் ஒரு தசமப் புள்ளி தள்ளிப் போயிருக்கட்டும் என்று நான் விரல் நகத்தைத் தின்றுகொண்டு நின்றேன்.

"எல்லாம் சரியாதான் இருக்கும்மா" என்று ஒப்பமிட்டார். "ரெண்டு இருபத்தி மூணு. இன்னும் ஏழு நிமிஷம்."

அப்போதுதான் இன்னொன்று நினைவுக்கு வந்தது. பதினெட்டாம் நாளிலிருந்து குஞ்சு வெளியே வரும் வரை அக்காவுக்குத் தரையில் கால் பாவாது. தினமும் இரண்டு மணிக்கு மேல் எனக்குப் போன் போடுவாள். முட்டையிட்ட கோழிக்குத்தானே வருத்தம் தெரியும் என்று நான் கிண்டல் செய்வேன். நேற்றுக்கூட இரண்டரைக்குப் போட்டாள்.

போடாதே அக்கா, இன்றைக்கு மட்டும் போடாதே என்று வேண்டிக்கொண்டேன். அடுத்த நொடியே, போடு, போட்டு ஏதாவது கேள், எப்படியாவது புரிந்துகொள் என்றும் வேண்டிக்கொண்டேன். கழிவறை என்று சொல்லிவிட்டு வாசல் பெட்டியிலிருந்து கைபேசியை எடுக்கலாமா என்று கதவைப் பார்த்தேன். கதவுக்கு மேல் கேமரா என்னைப் பார்த்தது.

தொலைபேசி அடித்தது. நான் அசையவில்லை. ஐந்தாவது மணியில் கடிகாரம் எடுத்தார். கேட்டுவிட்டு என்னிடம் நீட்டினார்.

"ஏன்டி எடுக்க இவ்வளவு நேரம்? தூங்குறியா?" என்றாள் அக்கா. பின்னால் விசிறிகளின் இரைச்சல் ஒழுங்காகக் கேட்டது.

"இல்லக்கா. சொல்லு."

"இன்னைக்கு எனக்கு மனசே சரியில்ல. பக்கத்து ஐஸ் ஃபேக்டரியில காலையில இருந்து எல்லா மெஷினும் ஓடுது. விலை இப்பவே முப்பத்தொண்ணு காட்டுது. இவ்வளவு நான் பார்த்ததே இல்ல. உங்க மாமா அந்த விலக்கைப் போட்டுடுன்றாரு. வருஷத்துக்கு ஒண்ணுதான், இன்னும் கோடை பாதிகூடப் போகல, இப்பவே செலவு பண்ணிட்டா அப்புறம் என்ன பண்றதுன்னு நான் யோசிக்கிறேன். பட்டன் மேல விரலை வெச்சுட்டுதான் நிக்கிறேன். விலை இன்னும் ஏறுமாடி?"

கடிகாரம் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் போய் நின்றார். பதிவாகும் கருவியின் சின்னச் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அந்த நேரத்தில் நியாயம், நேர்மை, மற்ற நுகர்வோர் என்றெல்லாம் நான் யோசித்ததாகச் சொன்னால் பொய். வேலை போய்விடும் என்று பயந்தேன். வழக்குப் போடுவார்கள் என்று பயந்தேன். பயத்தில் மூளை நின்றுவிட்டது. வாய் மட்டும் வேலை செய்தது. இரண்டு வருடமாக ஒரே பாட்டைப் பாடிய வாய்.

"வழக்கம்போலதான்க்கா."

"அப்பாடா" என்றாள். "உன் வாயால கேட்டாதான் எனக்கு நிம்மதி. ஒரு தடவைகூட நீ சொல்லித் தப்பினதில்ல. சரி, விலக்கு இருக்கட்டும். வெச்சிடறேன், வேலையைப் பாரு."

வைத்துவிட்டாள். நான் ரிசீவரைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். கடிகாரம் திரும்பினார்.

"சரியாதான் பேசினீங்க" என்றார் மெதுவாக. அவர் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

இரண்டு இருபத்தைந்து. இருபத்தாறு. திரும்பக் கூப்பிட்டு, "அக்கா, அமுக்கு" என்று இரண்டு வார்த்தை சொல்ல நான்கு நிமிடம் இருந்தது. தொலைபேசி கை எட்டும் தூரத்தில் இருந்தது. நான் அறையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். பதினோரு அடி போக, பதினோரு அடி வர. இரண்டரைக்கு விலை வெளியானது. வரைபடத்தில் இருநூற்று ஏழு சிவந்தது. அதன் பக்கத்தில், அங்கே எவ்வளவு மின்சாரம் போகிறது என்று காட்டும் எண் சட்டென்று கொஞ்சம் குறைந்தது. அந்தக் குறைவுதான் அக்கா.

"போங்கம்மா" என்றார் கடிகாரம். "மிச்ச நேரத்தை நான் பாத்துக்கறேன். மணி ரெண்டு முப்பத்தொண்ணு. வெளியாயிடுச்சு, இனிமே நீங்க யார்கிட்ட வேணாலும் பேசலாம்."

ஸ்கூட்டரில் இருபது நிமிடப் பாதை. அங்கே போய்ச் சேர்ந்தபோது பொரிப்பகத்தின் கதவு, ஜன்னல் எல்லாம் திறந்து கிடந்தன. மூன்று இன்குபேட்டர்களும் வாயைப் பிளந்து நின்றன. முட்டைக் கூடைகளை வெளியே இழுத்துத் தரையில் பரப்பியிருந்தார்கள். அக்காவும் மாமாவும் ஆளுக்கு இரண்டு காகித முட்டை அட்டைகளைக் கையில் பிடித்து வீசிக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேரும் தண்ணீரில் முக்கி எடுத்தது போல் நனைந்திருந்தார்கள். எந்த இயந்திரமும் ஓடவில்லை. அட்டைகள் காற்றில் அடிபடும் சத்தம் மட்டும் கேட்டது. நடுநடுவே ஏதோ ஒரு முட்டைக்குள்ளிருந்து மெலிதாக ஒரு கீச்.

நானும் இரண்டு அட்டைகளை எடுத்துக்கொண்டு அக்காவுக்கு எதிரில் உட்கார்ந்து வீசினேன். பிறகு அக்கா என் முகத்தைப் பார்த்தாள்.

"ஏன்டி இப்படி வெளிறிப் போயிருக்க? நீ என்ன பண்ணுவ பாவம். உனக்கே தெரியாம ஏறியிருக்கு."

அப்படியே விட்டிருக்கலாம். அவளே எனக்கு ஒரு கதவைத் திறந்து வைத்திருந்தாள், நுழைந்து போயிருக்கலாம். ஆனால் அவள் நெற்றியிலிருந்து வியர்வை சொட்டி ஒரு முட்டையின் மேல் விழுந்ததையும், அதை அவள் புறங்கையால் பதமாகத் துடைத்ததையும் பார்த்த பிறகு என்னால் முடியவில்லை.

"தெரியும்க்கா."

"என்ன தெரியும்?"

"விலை ரெண்டு இருபதுக்கே எங்களுக்கு வந்துடும்."

அவள் கை நிற்கவில்லை. "நான் போன் பண்ணினது எத்தனை மணிக்கு?"

"ரெண்டு இருபத்தி நாலுக்கு."

"அப்பவே தெரியுமா?"

"தெரியும். ஐம்பத்திரண்டு. சொல்லக்கூடாதுக்கா. போன்ல எல்லாம் பதிவாகும். யார் கேட்டாலும் எப்பவும் ஒரே பதிலைத்தான் சொல்லணும்னு சொல்லிக் கொடுத்திருக்காங்க. நான் எப்பவுமே அதைத்தான் உன்கிட்ட..."

"விடும்மா, அவ வேலை அது" என்றார் மாமா, யாரையும் பார்க்காமல்.

அக்கா அடுத்த கூடைக்கு நகர்ந்தாள். வீசிக்கொண்டே இருந்தாள். அவள் அழுவாள், கத்துவாள், அட்டையைத் தூக்கி என் மேல் எறிவாள் என்று காத்திருந்தேன். எறிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நீ சொல்ல வேணாம்டி" என்றாள் கடைசியில். "ஒண்ணும் சொல்லாம போனை வெச்சிருந்தாகூட நான் அமுக்கியிருப்பேனே."

மூன்றரைக்குக் கரண்ட் வந்தது. விசிறிகள் சுழல ஆரம்பித்ததும் கூடைகளை ஒவ்வொன்றாக உள்ளே தள்ளினோம். எத்தனை பிழைத்தது, எத்தனை போனது என்று அப்போது யாருக்கும் தெரியாது. ஓட்டுக்குள் இருப்பது இருபத்தோராம் நாள்தான் தெரியும். கிளம்பும்போது "வரேன்க்கா" என்றேன். அவள் வெப்பமானியைப் பார்த்துக்கொண்டு தலையை ஆட்டினாள்.

மறுநாள் இரண்டு மணிக்கு அலுவலகத் தொலைபேசி அடிக்கவில்லை. மூன்று மணிக்கும் அடிக்கவில்லை. வேலை முடிந்து நானே கூப்பிட்டேன். மாமா எடுத்து, அவள் குளிக்கிறாள் என்றார். இரவு கூப்பிட்டேன், சாப்பிடுகிறாள் என்றார். அன்று இரவு வீட்டுக்குள் நடந்து நடந்து கால் வலித்தது. கூப்பிடாமல் நேரே போய் நின்றுவிடலாம் என்று இரண்டு முறை வண்டிச் சாவியை எடுத்தேன், இரண்டு முறையும் திரும்ப மாட்டினேன். அவள் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை.

இருபத்தோராம் நாள் எனக்கு விடுமுறை. காலையிலேயே குஞ்சுகள் வெளியே வந்திருக்கும். மதியத்துக்குள் எண்ணிப் பெட்டிகளில் அடுக்கியிருப்பார்கள், பண்ணைக்காரரும் வந்து பார்த்திருப்பார். மூன்று மணிக்குக் கூப்பிட்டேன். இந்த முறை அக்காவே எடுத்தாள்.

"அக்கா, நான்தான் கரண்டு."

"சொல்லு."

அவள் குரலில் கோபம் இல்லை. பின்னால் குஞ்சுகளின் சத்தம் கேட்கிறதா என்று காதைக் கைபேசியோடு அழுத்தினேன். கதவைச் சாத்திக்கொண்டு பேசுகிறாள் போல, ஒன்றும் கேட்கவில்லை.

"எப்படிக்கா வந்துச்சு? எத்தனை குஞ்சு?"

"வழக்கம்போலதான்" என்றாள்.

"நிறைய போயிடுச்சா? பண்ணைக்காரர் என்ன சொன்னாரு?"

"வழக்கம்போலதான்டி."

"நீ எப்படிக்கா இருக்க?"

அதற்கும் அவள் அதையேதான் சொன்னாள், அதே குரலில், கூடவும் இல்லை குறையவும் இல்லை. பிறகு வேலை இருக்கிறது என்று வைத்துவிட்டாள். நான் கூடத்தின் நடுவில் நின்று அந்தக் குரலைத் திரும்பத் திரும்ப மனத்தில் ஓட்டிப் பார்த்தேன். எங்கேயாவது ஒரு நடுக்கம், ஒரு சந்தோஷம், ஏதாவது தட்டுப்படுமா என்று தேடினேன். ஒன்றுமே கண்டுபிடிக்க முடியவில்லை.